ஒரே தோலில் இரு நாதங்கள்

1987-இல் ஜப்பானின் ரோலண்ட் நிறுவனம் வெளியிட்ட டி-50 என்னும் டிஜிட்டல் சிந்தசைசர், பதிவுசெய்த குறுநாதத்தின் தாக்கத்தையும் மின்முறையில் உண்டாக்கிய நீள்நாதத்தின் கார்வையையும் ஒரே ஸ்வரத்தில் அடுக்கித் தந்தபோது இசைவாணர் வியந்தனர்; ஆயினும், தமிழகத்திலிருந்து தேயிலைத் தோட்டங்களுக்கு வந்த தொழிலாளரோடு இலங்கையின் ஹட்டன், நுவரெலியா மலைகளில் ஏறிய தப்பு என்னும் தோற்கருவி, அவ்வித்தையை வெறும் தோலிலேயே நெடுங்காலமாக நிகழ்த்தி வந்தது. தீயில் காய்ச்சி முறுக்கேற்றிய அத்தோலின்மீது தடித்த குச்சி ஆழ்ந்த முழக்கத்தை எழுப்ப, மெல்லிய நீண்ட குச்சி அதன்மேல் கூரிய ஒலியைத் தூவும். இத்தகைய நுட்பத்தைக் கையாண்ட கலைஞரைச் சாதியின் பெயரால் தாழ்த்தியது, என் சித்தத்தில், மன்னிக்கவொண்ணாத அநீதி. விடியலில் வேலைக்கு ஆள்திரட்டும் பெரட்டுக்கு அழைத்ததும், மாசியில் காமன் கூத்தை நடத்தியதும், பிரேதத்தை வழியனுப்பியதும் அவ்வாத்தியமே. அடியின் பேதத்தைக் கேட்டே தோட்டத்து லயன் குடியிருப்புச் சனங்கள் சேதியறிந்தனர்.