மலைச் செம்பும் மடாலயமும்

செம்பு என்ற சொல்லைக் கேட்டவுடன் நமக்கு நீர் முகக்கும் பாத்திரமே முதலில் நினைவிற்கு வருகின்றது. உலோகத்தின் பெயரே கலத்திற்கும் பெயராகும் அளவிற்கு அது நம் இல்லத்தோடு ஒன்றியது. வேலையை முன்னிட்டு எந்த மாநிலத்தில் குடியேறினாலும், மூட்டை கட்டும்போது ஒரு செம்பையும் உடன் வைத்துக்கொண்டு புறப்பட்டவர்கள் நாம். அந்த உலோகம் நிலத்தடியில் அமையும் விதத்தையும், அதன் பொருட்டு ஒரு மலை நாட்டில் எழுந்துள்ள வழக்கையும் சிறிது ஆராய்வோம்.

ஆப்கானிஸ்தானத்தில், காபூல் நகருக்குத் தென்கிழக்கே ஏறத்தாழ 40 கிலோமீட்டர் தொலைவில், லோகர் மாகாணத்தில் மெஸ் ஐனக் என்றோர் இடம் உண்டு. கடல் மட்டத்திற்கு மேல் 2,000 மீட்டருக்கும் அதிகமான உயரத்தில், மரஞ்செடிகள் அருகிய வறண்ட மலைகளுக்கிடையே அது அமைந்துள்ளது. 'மெஸ்' என்னும் பாரசீகச் சொல்லுக்குச் செம்பு என்பதே பொருள்.

ஐம்பது கோடி ஆண்டுகளுக்கும் முன்னர் இங்கே கடல் இருந்தது. அதன் அடியில் சுண்ணாம்பும் சேறும் மணலும் அடுக்கடுக்காகப் படிந்தன. செம்பைக் கரைத்துச் சுமந்த உப்பு நீர் அவ்வடுக்குகளினூடே ஊர்ந்தது. கந்தகமும் மக்கிய உயிர்ப்பொருளும் நிறைந்த அடுக்கை அடைந்ததும், நீரிலிருந்த செம்பு கந்தகத்தோடு கூடித் தாதுவாகத் தங்கிவிட்டது. பின்னர் நிலம் மடிந்தது. வெப்பமும் அழுத்தமும் சுண்ணாம்பைச் சலவைக்கல்லாக்கின. ஆயினும் செம்பு தன் அடுக்கை விட்டு வெகுதூரம் அகலவில்லை. புத்தக ஏடுகளுக்கிடையே வைத்த மயிலிறகைப் போல அது பாறை ஏடுகளுக்கிடையே பொதிந்து கிடக்கின்றது. ஆப்பிரிக்காவின் ஜாம்பியா நாட்டுச் செம்பு வயல்களும் இவ்வினத்தைச் சேர்ந்தவையே.

மழையும் காற்றும் பட்ட இடத்தில் இத்தாது பச்சைக் கல்லாக மாறும். நம் வீட்டுப் பாத்திரத்தில் களிம்பு ஏறுவதை ஒத்ததே இது. இத்தகைய பச்சைக் கறையே பண்டை மக்களுக்குச் செம்பு இருக்கும் இடத்தை உணர்த்தும் குறி. குஷானர் காலம் முதல் கி.பி. 8-ஆம் நூற்றாண்டு வரையில், மெஸ் ஐனக்கில் சுரங்கத் தொழிலும் பௌத்த சமயமும் அருகருகே தழைத்திருந்தன. மடாலயங்கள், தூபிகள், சுவரோவியங்கள், களிமண்ணாற் செய்து வண்ணம் தீட்டிய புத்தர் திருவுருவங்கள் ஆகியவற்றோடு, செம்பை உருக்கி எறிந்த கசட்டுக் குவியல்களும் அங்கே காணப்படுகின்றன. மடத்தின் செல்வத்திற்கு உலை துணைநின்றது எனலாம். கந்தகம் கலந்த தாதுவை வறுத்து உருக்க மிகுந்த கரி வேண்டும். கரிக்கு மரம் வேண்டும். விறகு அருகியதும் தொழில் நலிந்ததற்கு ஒரு காரணமாகலாம் என்று ஆய்வாளர் சிலர் கருதுவர்.

1970-களில் சோவியத் மண்ணியல் அறிஞர்கள் இம்மலையைத் துளையிட்டு ஆராய்ந்தனர். ஏறத்தாழ 24 கோடி டன் தாது உண்டு என்றும், அதில் நூற்றுக்கு 2.3 பங்கு செம்பு என்றும் கணித்தனர். அஃதாவது, 55 லட்சம் டன் செம்பு! ஆனால் 1979-இல் சோவியத் படை நுழைந்தபின் மூண்ட போரினால் எல்லாம் தடைப்பட்டன. 2008-இல் சீன நிறுவனங்களுக்கு 30 ஆண்டுக் குத்தகை அளிக்கப்பட்டது. அடுத்த ஆண்டு முதல் ஆப்கானியரும் பிரெஞ்சு அறிஞரும் பெரிய அளவில் அகழ்வாய்வு நடத்தினர். கிடைத்த பொருள்கள் பல காபூல் அரும்பொருட்சாலையைச் சென்றடைந்தன. சுரங்கமோ பல்லாண்டுகள் எழவில்லை. 2024 ஜூலையில் அதற்குப் பாதை அமைக்கும் பணி தொடங்கிற்று.

இங்கேதான் வழக்கு எழுகின்றது. நூறு டன் தாதுவில் தொண்ணூற்றேழு டன்னுக்கும் மேல் வெறுங்கல்லே. ஆகவே மலையைத் திறந்து தோண்டும் பெருங்குழியே சிக்கனமான வழி என்பர் தொழில் வல்லார். ஆனால் அக்குழி தோண்டப்படின், தாதுவின் மேல் நிற்கும் பழைய நகரம் அடியோடு அழியும். மற்றொருபுறம், பல்லாண்டுப் போரினால் வறுமையுற்ற நாட்டிற்கு இச்செம்பு தரக்கூடிய வருவாயும் வேலையும் சிறியனவல்ல. மடாலயத்தைக் காக்க வேண்டுமென்று தொலைவிலிருந்து கூறுவது நமக்கு எளிது, பசித்திருப்பவர் அவர்கள்.

எனினும் ஒன்றை எண்ணிப் பார்க்க வேண்டும். ஐம்பது கோடி ஆண்டு காத்திருந்த தாது இன்னும் சில ஆண்டுகள் காத்திருந்தால் ஓர் அணுவும் குறைந்துவிடாது. களிமண் திருவுருவமோ ஒருமுறை உடைந்தால் உடைந்ததுதான். மண்ணுக்குள் எஞ்சியிருப்பதை முற்றும் ஆராய்ந்து பதிவு செய்தபின், நிலத்தை மேலிருந்து பிளக்காமல் சுரங்க வழி புகுந்து தாதுவை எடுக்க இயலுமா என்பதை முதலில் ஆராய்தல் வேண்டும். செலவு கூடும், காலமும் கூடும். அதைப் பொறுத்துக்கொள்வதே அந்நாட்டிற்கும், அதனோடு பௌத்த சமயத்தால் பழந்தொடர்புடைய நமக்கும், பிற்காலத்தவர்க்கும் நன்மை தரும் என்பது எம் கருத்து.