சென்னை – பலாலி வான்வழி: தொலைவும் நேரமும்

சென்னை – பலாலி வான்வழி என்பது சென்னை மீனம்பாக்கத்தையும் யாழ்ப்பாணக் குடாநாட்டின் பலாலியையும் இணைக்கும் விமானப் பாதையாகும். இரு நிலையங்களும் ஏறக்குறைய ஒரே நெடுங்கோட்டில், கிழக்கு 80 பாகைக்கு அருகே உள்ளன. சென்னை வடக்கு 13 பாகையிலும் பலாலி 9.8 பாகையிலும் அமைந்திருப்பதால் நேர்த்தொலைவு சுமார் 355 கிலோமீட்டர். இத்தொலைவு என்றும் மாறவில்லை. மாறியது பயண நேரம்.

தொடக்க காலம்

பலாலி ஓடுபாதை இரண்டாம் உலகப் போரின்போது பிரித்தானியரால் அமைக்கப்பட்டது. 1947 டிசம்பர் 10 அன்று ஏர் சிலோன் நிறுவனம் தன் முதற் சேவையை இரத்மலானையிலிருந்து காங்கேசன்துறை வழியாகச் சென்னைக்கு நடத்தியது. இலங்கையின் தேசிய விமான சேவை யாழ்ப்பாணத்தைத் தொட்டே பிறந்தது. அப்போது பயன்பட்ட டக்கோட்டா விமானத்தின் வேகம் மணிக்கு ஏறத்தாழ 300 கிலோமீட்டர். அக்கணக்கில் பலாலியிலிருந்து சென்னைக்குச் சுமார் ஒன்றேகால் மணி நேரம் போதும்.

துண்டிப்பு

1970களின் இறுதியில் இச்சேவை நின்றது. போர்க்காலத்தில் பலாலி படைத்தளமாக இருந்தது. 1990 இல் சுற்றியிருந்த கிராமங்களின் மக்கள் இடம்பெயர்ந்தனர். அந்நிலம் உயர் பாதுகாப்பு வலயமாயிற்று.

அதன்பின் யாழ்ப்பாணத்தார் சென்னை செல்லக் கொழும்பு வழியையே நாடினர். வடக்கே போக வேண்டியவர் முதலில் தெற்கே சுமார் 400 கிலோமீட்டர் சென்று, கட்டுநாயக்கவில் விமானம் ஏறி 640 கிலோமீட்டர் வடக்கே பறக்க வேண்டும். 355 கிலோமீட்டர் வழி ஆயிரத்துக்கும் மேலாக நீண்டது. அதுவும் எப்போதும் திறந்திருக்கவில்லை. 1990 முதல் 2002 வரை ஏ-9 வீதி மூடப்பட்டிருந்தது. மக்கள் கிளாலி நீரேரியைப் படகிலும், பின்னர் திருகோணமலைக் கடலைக் கப்பலிலும் கடந்தனர். பலாலி – இரத்மலானை உள்நாட்டு விமானமும் ஆபத்தானதாக இருந்தது. 1998 செப்டம்பர் 29 அன்று பலாலியிலிருந்து புறப்பட்ட லயன்எயர் விமானம் மன்னாருக்கு அப்பால் கடலில் வீழ்ந்து, அதிலிருந்த 55 பேரும் இறந்தனர்.

மீள்திறப்பு

2019 அக்டோபர் 17 அன்று பலாலி, யாழ்ப்பாணம் சர்வதேச விமான நிலையமாகத் திறக்கப்பட்டது. அடுத்த மாதம் அலையன்ஸ் ஏர் சென்னையிலிருந்து சேவையைத் தொடங்கியது. கொரோனாவால் 2020 மார்ச்சில் நின்ற சேவை 2022 டிசம்பர் 12 இல் மீண்டது. 2024 செப்டம்பரில் இண்டிகோவும் இணைந்தது.

இவ்வழியில் பறக்கும் ஏடிஆர் 72 விமானத்தின் வேகம் மணிக்கு சுமார் 500 கிலோமீட்டர். வெறும் கணக்கில் 43 நிமிடம் வரும். ஓடுபாதைக்கு நகர்தல், மேலேறுதல், இறங்குதல் ஆகியவற்றுக்கான நேரமும் சேர்வதால் கால அட்டவணை ஒரு மணி நேரத்துக்கு மேல் காட்டும்.

ஆக, 1947 இன் பயண நேரத்துக்கும் இன்றைய நேரத்துக்கும் பெரிய வேறுபாடில்லை. இடைப்பட்ட நாற்பது ஆண்டுகளில் அதே பயணம் ஒரு நாளாகவும் சில வேளை பல நாளாகவும் நீண்டதற்குக் காரணம் கடலோ விமானமோ அன்று, போரும் அரசியலுமே. சேவை மீண்டாலும் விமான நிலையத்தைச் சூழ்ந்த காணிகள் பகுதி பகுதியாகவே விடுவிக்கப்பட்டு வந்துள்ளன. அங்கு வாழ்ந்தோர் பலருக்கு, சென்னைக்கான வழி திறந்த பின்னும் சொந்த வளவுக்கான வழி திறக்கவில்லை.