அத்தியாவசிய சேவை: ஒரு சொல்லின் வரலாறு

மருத்துவமனையில் மின்சாரம் தடைப்படின் உயிர்கள் போகலாம். குடிநீர் நின்றுவிடின் நகரம் நோயுறலாம். ஆதலின், இன்றியமையாச் சேவைகளைக் காத்தல் அரசின் கடன் என்பதை மறுப்பார் இலர். ஆயின், எது இன்றியமையாதது, அதை வரையறுப்பவர் யார் என்னும் வினாக்களிலேயே இச்சட்டங்களின் வரலாறு அடங்கியுள்ளது.

1872ஆம் ஆண்டு டிசம்பரில் இலண்டன் எரிவாயுத் தொழிலாளர் வேலைநிறுத்தஞ் செய்தபோது நகர வீதிகள் இருளடைந்தன. தொழிலாளர் ஐவருக்குச் சதிக்குற்றத்தின் பேரில் ஓராண்டுச் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது. இதையொட்டி எழுந்த கண்டனங்களின் பின், 1875ஆம் ஆண்டுச் சட்டம் தொழிற்பிணக்குகளைச் சதிக்குற்றத்தினின்றும் விடுவித்தது. எனினும், மக்கள் எரிவாயுவையோ நீரையோ இழப்பர் என அறிந்தே தொழில் ஒப்பந்தத்தை மீறுதல் குற்றமாகவே இருந்தது. இங்கு அளவுகோல், மக்களுக்கு நேரும் கேடேயாகும். உணவு, நீர், எரிபொருள், ஒளி, போக்குவரத்து ஆகியவற்றைக் காக்க எழுந்த 1920ஆம் ஆண்டின் அவசரகால அதிகாரச் சட்டமும், வேலைநிறுத்தத்திற் பங்குபற்றுதலைக் குற்றமாக்கலாகாது என வெளிப்படையாக விதித்தது.

அதே பிரித்தானியரின் ஆட்சிக்குட்பட்டிருந்த இலங்கையில் நிலைமை வேறு. 1947ஆம் ஆண்டுப் பொது வேலைநிறுத்தத்தின்போது, யூன் 5ஆந் திகதி, அரசாங்க இலிகிதரான கந்தசாமி பொலிசாரின் துப்பாக்கிச் சூட்டிற்குப் பலியானார். அவ்வாண்டிலேயே, அவ்வேலைநிறுத்தச் சூழலில், பொதுமக்கள் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம் நிறைவேறியது. சமுதாய வாழ்வுக்கு இன்றியமையாத வழங்கல்களையும் சேவைகளையும் பேணுதல் அதன் நோக்கங்களுள் ஒன்று. ஆயினும், 1920ஆம் ஆண்டுச் சட்டம் தொழிலாளருக்கு அளித்த காப்பு அதில் இடம்பெறவில்லை.

1979ஆம் ஆண்டின் 61ஆம் இலக்க அத்தியாவசிய பொதுச் சேவைகள் சட்டம் இன்னும் ஒருபடி சென்றது. அரசாங்கத் திணைக்களம், பொதுக் கூட்டுத்தாபனம், உள்ளூராட்சி மன்றம், கூட்டுறவுச் சங்கம் ஆகியவற்றின் சேவையைச் சனாதிபதி வர்த்தமானி மூலம் அத்தியாவசியமானதெனப் பிரகடனஞ் செய்யலாம். அதன்பின் பணிக்கு வராதிருத்தல் குற்றம். 2 முதல் 5 ஆண்டுவரை கடூழியச் சிறையும் விதிக்கப்படலாம். 

1980ஆம் ஆண்டு யூலையில் 300 ரூபா சம்பள உயர்வு கோரி நிகழ்ந்த வேலைநிறுத்தம், அவசரகால ஒழுங்குவிதிகளின் துணைகொண்டு முறியடிக்கப்பட்டது. ஏறத்தாழ 40,000 ஊழியர் தொழிலிழந்தனர். அவர்கள் யாவரும் உயிர்காக்கும் பணியிலிருந்தவரல்லர். 2021, 2022ஆம் ஆண்டுகளிலும் 1979ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் வர்த்தமானி அறிவித்தல்கள் வெளியாயின.

உயிருக்கோ, பாதுகாப்புக்கோ, உடல்நலத்துக்கோ ஆபத்து விளைவிக்கும் தடையையே சர்வதேசத் தொழில் தாபனத்தின் மேற்பார்வைக் குழுக்கள் அளவுகோலாகக் கொள்கின்றன. நோயாளியின் உயிரைக் காக்கும் சட்டத்தை எவரும் வெறார். ஆனால், அலுவலகக் கோப்பையும் மருத்துவமனைக் கட்டிலையும் ஒரே சொல்லால் அளக்கும்போது, காக்கப்படுவது சேவையா, அதிகாரமா என்ற ஐயம் எழாதிருக்குமா?