யாழ்ப்பாணத் தோட்டச் செய்கையும் நஞ்சு மாற்றமும்

யாழ்ப்பாணக் குடாநாட்டிலே ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு எதுவுமில்லை. சுண்ணக்கற் பாறையினூடே வடிந்து தேங்கும் மழைநீரே கிணறுகளை நிரப்புகின்றது. தோட்டத்தில் இட்டவை காலகதியிற் குடிநீரையும் சென்றடையக்கூடும். ஆதலால் இம்மண்ணிற் பயிர்செய்வோர் எம்மருந்தைக் கையாண்டனர் என்னும் வினா அவர்தம் தொழில் வரலாற்றோடு நின்றுவிடுவதன்று.

முன்னையோர் பூவரசங் குழையையும் பனையோலையையும் மண்ணில் தாழ்த்தினர். பட்டியடைத்துப் பசளை பெற்றனர். பூச்சிக்குச் சாம்பலும் வேப்பம் பிண்ணாக்கும் புகையிலை ஊறிய நீரும் பயன்பட்டன. இவை யாவும் தீங்கற்றவை எனப் பழமை பாராட்டுவோர் கூறுவர். அது முற்றும் பொருந்தாது. புகையிலையிலுள்ள நிக்கொட்டின் கொடிய நஞ்சுகளுள் ஒன்றாகும்.

1970 இன் பின் மிளகாய், வெங்காயம் முதலியவற்றின் இறக்குமதி கட்டுப்படுத்தப்பட்டமையால் குடாநாட்டுத் தோட்டச் செய்கை பெருவளம் கண்டது. அவ்வளத்தோடு செயற்கை உரமும் பூச்சிநாசினியும் பெருகின. சேதனப் பொசுபரசு வகை நஞ்சுகள் உண்டாற் மட்டுமன்றித் தோலினூடாகவும் உடலுட் புகுவன. நரம்பின் ஏவலை அடக்கும் நொதியம் அவற்றால் முடங்க, கண்மணி சுருங்கும். வியர்வையும் உமிழ்நீரும் பெருகும். ஈற்றில் மூச்சு நிற்கும். கையுறையும் முகமூடியும் அணிக எனப் போத்தலில் அச்சிடுவது எளிது. உச்சி வெயிலில் விசிறுகருவியை முதுகிற் சுமந்து செம்மண் வரம்பில் நடப்பவனுக்கு அவை ஆகுமோ?

எனவே உழைப்பவனைப் போர்த்துவதிலும் நஞ்சை நீக்குவதே தக்கதாயிற்று. 1980 ஆம் ஆண்டின் 33 ஆம் இலக்கப் பீடைகொல்லிகள் கட்டுப்பாட்டுச் சட்டம் அதற்கு வழி செய்தது. பரத்தியனும் மீதைல் பரத்தியனும் 1984 இல் விலக்கப்பட்டன. மொனோகுரோட்டோபொசும் மெதமிடோபொசும் 1995 இல் நீங்கின. ஆயின் ஈண்டு ஒரு தவறு நேர்ந்தது. அவற்றினிடத்தை என்டோசல்பான் பிடித்துக்கொள்ள, அதனால் நேர்ந்த மரணங்கள் பெருகின. 1998 இல் அதுவும் தடைசெய்யப்பட்டது. பரகுவாட், டைமெதோவேற்று, பென்தியன் ஆகியவை 2008 முதல் 2011 வரை படிப்படியாக விலக்கப்பட்டன. நஞ்சருந்தி உயிர் மாய்த்தல் மலிந்திருந்த இந்நாட்டில், 1995 அளவில் இலட்சம் பேருக்கு 47 ஆயிருந்த தற்கொலை வீதம் 2005 இல் 24 ஆயிற்று. நெல் விளைச்சலோ அத்தடைகளாற் குன்றவில்லை.

குடாநாட்டின் கதை இதனின்றும் சற்று வேறுபட்டது. 1990 களில் நிலவிய பொருளாதாரத் தடை உரத்தையும் எரிபொருளையும் அருமைப்படுத்தியது. கமக்காரர் மீண்டும் குழையையும் எருவையும் நாடினரெனின், அது தேர்ந்த மாற்றமன்று, நெருக்கடியின் விளைவு. 2021 இல் செயற்கை உரமும் விவசாய இரசாயனங்களும் நாடு முழுவதற்கும் ஒருங்கே தடுக்கப்பட்டபோதும் நிலைமை ஏறத்தாழ அதுவே. எந்நஞ்சு கொடியது, அதனிடத்தில் எதை வைப்பது என ஒவ்வொன்றாக ஆராய்ந்த முன்னைய முறை அங்கே கைவிடப்பட்டது. விளைச்சல் வீழ்ந்தது, கமக்காரர் வீதிக்கு வந்தனர். அவ்வாண்டு நவம்பரிலேயே அத்தடை தளர்த்தப்பட்டது.