வேகத்துக்கு ஒரு கலிங்கு

செஞ்சிக்குப் போகிறவர்கள் கோட்டையைப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். பனமலை வரை போகிறவர்கள் சொற்பம். அங்கே குன்றின் மேல், சுமார் 1300 ஆண்டுகளுக்கு முன் ராஜசிம்ம பல்லவன் எழுப்பிய தாளகிரீசுவரர் கோயில் இருக்கிறது. அழிந்தது போக எஞ்சிய பார்வதியின் ஓவியம் ஒன்றும் இருக்கிறது. கீழே ஏரி. கோயிலைப் பற்றி எழுதக் கலாரசிகர்கள் உண்டு. நான் எடுத்துக்கொண்ட விஷயம் ஏரி. அதன் வழியாக, மோட்டார்கார்.

சம்பந்தம் இருக்கிறது. ஏரி கட்டத் தெரிந்தவன் கரையை மட்டும் உயர்த்திவிட்டுப் போகமாட்டான். வேண்டிய நீரை விட மதகு வைப்பான். மிஞ்சிய நீர் வழிந்தோடக் கலிங்கு கட்டுவான். கலிங்கில்லாத ஏரி ஒரு நல்ல மழைக்குத் தாங்குமா? மோட்டார் எஞ்சினுக்கு இந்தக் கலிங்கைச் சரிவரக் கட்ட மனிதனுக்கு முக்கால் நூற்றாண்டு பிடித்தது.

1905இல் ஆல்பிரட் பியூகி என்ற ஸ்விட்சர்லாந்துக்காரர் ஒரு யோசனையைப் பதிவு செய்தார். எஞ்சின் கக்கும் புகை வீணாகத்தானே போகிறது? அதைக்கொண்டு ஒரு சக்கரத்தைச் சுழற்றி, அந்தச் சுழற்சியால் காற்றை அழுத்தி எஞ்சினுக்குள் திணித்தால், சின்ன எஞ்சின் பெரிய எஞ்சினின் வேலையைச் செய்யும். டர்போ என்பது இதுதான். ஆனால் சக்தி கூடினால் புகை கூடும். புகை கூடினால் சக்கரம் இன்னும் வேகமாகச் சுழலும். அழுத்தம் எல்லை மீறினால் பெட்ரோல் பொறிக்குக் காத்திராமல் தானே வெடிக்கும். பிஸ்டன் பொத்துப்போகும்.

1962இல் அமெரிக்காவில் ஓல்ட்ஸ்மொபில் ஜெட்ஃபயர் என்ற டர்போ கார் விற்பனைக்கு வந்தது. அந்த வெடிப்பைத் தடுக்கத் தண்ணீரும் மெதனாலும் கலந்த திரவத்தை ஒரு ஜாடியில் ஊற்றிவைக்கவேண்டும். சொந்தக்காரர்கள் மறந்தார்கள். ஜாடி காலியானதும் காரின் சக்தி குறைந்தது, புகார்கள் குவிந்தன. கடைசியில் கம்பெனியே பல கார்களிலிருந்து டர்போவைக் கழற்றிக்கொடுத்தது. யந்திரத்தின் பத்திரம் மனிதனின் ஞாபகத்தை நம்பியிருந்தால் வேறென்ன நடக்கும்?

புகையைச் சக்கரத்துக்குப் போகாமல் திருப்பிவிடும் கதவும் உண்டு. அதுதான் டர்போவின் கலிங்கு. ஆனால் ஸ்பிரிங்கால் இயங்கும் அந்தக் கதவுக்கு நல்ல பெட்ரோலும் மட்டப் பெட்ரோலும் ஒன்றே. ஸ்வீடன் தேசத்து ஸாப் கம்பெனியார் 1980களின் தொடக்கத்தில் அதற்கு ஒரு காதைக் கொடுத்தார்கள். எஞ்சின் உடலில் திருகிய சிறு கருவி, உள்ளே வெடிப்பின் 'டக் டக்' ஓசை கேட்டதும் மின்னணுப் பெட்டிக்குச் சொல்லும். பெட்டி கதவைத் திறந்து அழுத்தத்தைத் தணிக்கும். இதற்கு முன்பே, 1967இல், எரிபொருளை மின்னணுவால் அளந்து விடும் ஜெர்மானிய பாஷ் கம்பெனியின் சாதனம் வோக்ஸ்வாகன் காரில் வந்துவிட்டது.

இவையெல்லாம் தொழிற்சாலைப் பெட்டிகள். எஞ்சினை மாற்றியமைத்து டர்போ பூட்டியவனுக்கு அவை உதவமாட்டா. அவற்றுக்குப் பழைய எஞ்சினைத்தான் தெரியும். 2001இல் ப்ரூஸ் பௌலிங், ஆல் கிரிப்போ என்ற இரு அமெரிக்கர்கள் மெகாஸ்குவர்ட் என்ற பெட்டியை வெளியிட்டார்கள். பாகங்களை வாங்கி, வீட்டிலேயே ஈயம் பற்றவைத்துச் செய்துகொள்ளலாம். முதலில் அது எரிபொருளை மட்டும் அளந்தது. பின்வந்த பெட்டிகள் பொறியையும் டர்போவின் அழுத்தத்தையும் கவனித்துக்கொண்டன.

அதன் உள்ளே சதுரங்கப் பலகை போல எட்டுக்கு எட்டாக அறுபத்துநாலு கட்டங்கள். ஒரு பக்கம் எஞ்சினின் வேகம், மறுபக்கம் காற்றின் அழுத்தம். ஒவ்வொரு கட்டத்திலும் ஓர் எண். அதைக்கொண்டு பெட்டி பெட்ரோலைக் கணக்கிடும். எண்களை எழுதவேண்டியவர் சொந்தக்காரர். சாதாரணமாக ஒரு பங்கு பெட்ரோலுக்குப் பதினாலே முக்கால் பங்கு காற்று கணக்கு; டர்போ அழுத்தும்போது அது ஏறக்குறைய பன்னிரண்டுக்கு இறங்கவேண்டும். பெட்ரோலைக் கஞ்சத்தனமாக அளந்தால் உஷ்ணம் ஏறி பிஸ்டன் உருகும். தாராளமாக விட்டால் எஞ்சின் மூச்சுத் திணறும். பழியைப் போடக் கம்பெனிக்காரன் இல்லை.

ஆகவே விவரம் தெரிந்தவர்கள் முதலில் எழுதுவது வேகத்துக்கான எண்ணை அல்ல. அழுத்தம் எவ்வளவு ஏறினால் பெட்ரோலை அடியோடு நிறுத்துவது என்ற எண்ணைத்தான்.