நிலத்தில் சொட்டாத ஒயில்

கொஞ்சம் நீளமான பதிவு. பழைய கார் வைத்திருப்பவர்கள் தயவுசெய்து கடைசிவரை வாசியுங்கள்.

என் மச்சானின் பிழைப்பே ஒரு 110 கொரோலாதான். கிழமைக்கு மூன்று நாள் முகத்துவாரத்தில் இருந்து ஒரு வயதான தாயை இரத்தச் சுத்திகரிப்புக்கு ஏற்றிப்போய் இறக்குவார். மற்ற நாட்களில் கிடைக்கிற ஹயர். அந்தக் காரில் பவர் ஸ்டியரிங் ஒயில் கிழமைக்குக் கிழமை குறைந்தது. ஆனால் நிறுத்தும் இடத்தில் ஒரு சொட்டுக்கூட இல்லை. காட்போட் மட்டை விரித்தும் பார்த்தோம், காலையில் காய்ந்தபடியே கிடந்தது. ஒரு கராஜில் "லீக் இல்லை, ஊற்றி ஊற்றி ஓடுங்க" என்றார்கள். இன்னொரு கராஜில் "முழு ரெக்கையும் மாத்தணும்" என்றார்கள். அவர்கள் சொன்ன தொகை மச்சானின் இரண்டு மாத உழைப்பு.

நான் மெக்கானிக் இல்லை. பிள்ளைகளுக்கு வரலாறு படிப்பிக்கிறவன். ஒரு விஷயம் விளங்காவிட்டால் அது எப்படித் தொடங்கியது என்று தேடுவது என் பழக்கம். இதிலும் அப்படித்தான் செய்தேன்.

எங்கள் வாப்பாமார் ஓட்டிய மொரிஸ் மைனர் 1948 இல் வந்தது. அதில் ஸ்டியரிங்கைத் திருப்பினால் பல்லுள்ள ஒரு நீளமான கம்பி இடமும் வலமும் நகரும். அந்தக் கம்பிதான் ரெக். ஒயில் பம்ப் ஒன்றும் கிடையாது, முழுப் பாரமும் ஓட்டுபவரின் கையில்தான். சின்னக் கார் என்பதால் சமாளித்தார்கள். ஆனால் லொறியில் அது பெரும்பாடு.

அமெரிக்காவில் பியர்ஸ் ஏரோ என்ற கம்பனியின் லொறிப் பிரிவில் பொறியியலாளராக இருந்தவர் பிரான்சிஸ் டேவிஸ். லொறிச் சாரதிகள் படும் பாட்டைப் பார்த்து, 1920களில் அந்த வேலையை விட்டுவிட்டு மசச்சூசெட்ஸில் வோல்தம் என்ற ஊரில் ஒரு சிறிய பட்டறையில் இதிலேயே இறங்கினார். ஒயிலின் அழுத்தத்தால் சக்கரத்தைத் திருப்புவதுதான் யோசனை. ஆனால் அன்றைய ஒயில் இயந்திரங்களுக்கு ஒரு நோய் இருந்தது. எந்த நேரமும் அழுத்தத்தை அடைத்து வைத்திருந்ததால் எந்த நேரமும் கசிந்தன.

டேவிஸ் அதைத் தலைகீழாக மாற்றினார். வால்வைத் திறந்தே விட்டார். நேராக ஓடும்போது ஒயில் பெரிய அழுத்தம் இல்லாமல் சும்மா சுற்றிக்கொண்டிருக்கும். ஸ்டியரிங்கைத் திருப்பும்போது மட்டும் வால்வு வழியைக் குறுக்கும், அழுத்தம் ஏறும், அது சக்கரத்தைத் தள்ளும். 1926 இல் ஒரு பியர்ஸ் ஏரோ காரில் பொருத்தி ஓட்டிக் காட்டினார்.

ஆனாலும் அவர் கால்நூற்றாண்டு காத்திருக்க வேண்டி வந்தது. ஜெனரல் மோட்டர்ஸ் அவரோடு ஒப்பந்தம் செய்தது. பிறகு பொருளாதார மந்த காலத்தில், 1934 இல், செலவு கட்டாது என்று கைவிட்டது. இரண்டாம் உலக யுத்தத்தில் கனமான கவச வாகனங்களுக்கு இது தேவைப்பட்டது. 1951 இல்தான் கிரைஸ்லர் கம்பனி இம்பீரியல் காரில் பொதுமக்களுக்கு விற்றது. அதற்குள் டேவிஸின் சில காப்புரிமைகள் காலாவதியாகியிருந்தன. எங்கள் நாட்டில் 1977க்குப் பிறகு ஜப்பான் வாகனங்கள் பெருகின. அவற்றோடுதான் இந்த வசதி எங்கள் தெருக்களுக்குப் பரவலாக வந்து சேர்ந்தது.

இதை வாசித்தபோதுதான் எங்கள் பிழை எனக்கு விளங்கியது. எஞ்சின் ஓடி, ஸ்டியரிங்கும் திரும்பினால்தான் முழு அழுத்தம் வரும். டயரில் இருப்பது சதுர அங்குலத்துக்கு 30 இறாத்தல் அளவு. முழுதாகத் திருப்பும்போது இங்கே 1,000 இறாத்தலையும் தாண்டும். நாங்களோ எஞ்சினை நிறுத்திவிட்டு நிலத்தில் தேடியிருக்கிறோம்!

பஞ்சிகாவத்தைப் பக்கம் ஒரு வயதான பாஸிடம் காரைக் கொண்டுபோய் இதைச் சொன்னேன். அவர் சிரித்துவிட்டு, "சேர், ஒயில் காணாமப் போகாது. கீழ விழல்லன்டா உள்ளுக்குத்தான் ஈக்கோணும்" என்றார்.

முதலில் எல்லாவற்றையும் கழுவித் துடைத்தார். பிறகு மச்சானை உட்காரவைத்து, எஞ்சின் ஓட ஓட, ஸ்டியரிங்கை இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் திருப்பச் சொன்னார். கோடியில் சில வினாடிக்கு மேல் பிடிக்க விடவில்லை, பம்ப் சூடேறிவிடுமாம். டோர்ச் அடித்துப் பம்ப், ஹோஸ், இணைப்புகள் எல்லாம் பார்த்தார். எல்லாம் காய்ந்திருந்தன. கடைசியாக எஞ்சினை நிறுத்தி, ரெக்கின் வலது நுனியை மூடியிருக்கும் மடிப்பு றப்பரின் கிளிப்பைத் தளர்த்தினார். தேயிலைச் சாயம்போல அரைக் கோப்பை ஒயில் ஊற்றுண்டது! உள்ளே இருந்த சீல் தேய்ந்து, கசிந்த ஒயில் அந்த றப்பருக்குள்ளேயே தேங்கியிருக்கிறது. றப்பர் வெடிக்காமல் நன்றாக இருந்ததால்தான் வெளியே தெரியவில்லை.

ரெக்கைக் கழற்றிப் பார்த்தபோது கம்பியில் கீறலோ துருவோ இல்லை. அதனால் சீல் கிட் மட்டும் போட்டார். கம்பி கீறியிருந்தால் புதுச் சீலும் நிற்காது, அப்போது ரெக்கை மாற்றத்தான் வேண்டும் என்றும் நேர்மையாகச் சொன்னார்.

இதே பிரச்சினை உள்ளவர்களுக்கு நாங்கள் படித்தது:

1. நிலம் காய்ந்திருப்பதால் லீக் இல்லை என்று நினைக்காதீர்கள். எஞ்சின் ஓடி, ஸ்டியரிங் திரும்பும்போது பார்க்கச் சொல்லுங்கள்.

2. ரெக்கை மாற்ற முன்னர் இரண்டு பக்க மடிப்பு றப்பரையும் திறந்து பார்க்கச் சொல்லுங்கள்.

3. ஓடும் எஞ்சினில் ஹோஸைக் கையால் தடவ வேண்டாம். ஊசிபோலப் பீறும் ஒயில் தோலைத் துளைத்துவிடும். ஜக்கை மட்டும் நம்பிக் காருக்குக் கீழே போகவும் வேண்டாம்.

4. கம்பனி சொன்ன ஒயிலையே ஊற்றுங்கள். தவறியும் பிரேக் ஒயில் ஊற்ற வேண்டாம், சீல்கள் எல்லாம் ஊதிக் கெட்டுவிடும்.

5. ஒயில் முற்றாக வற்றினால் சக்கரம் திரும்பத்தான் செய்யும், ஆனால் திடீரென்று கல்லாகப் பாரமாகும். சந்தியில் வளைக்கும் நேரம் அப்படி நடந்தால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள்.

இன்றைய வாகன்ஆர், ஆக்குவா கார்களில் இந்த ஒயிலே கிடையாது, மின்மோட்டார்தான். 1988 இலேயே சுசுக்கி அதைச் சின்னக் காரில் போட்டுவிட்டது. ஆனால் 2020 இல் இறக்குமதியை நிறுத்தி, 2025 இல் திறந்தபோது புது வாகனத்தின் விலை எங்களைப் போன்றவர்களின் கைக்கு எட்டாமல் போய்விட்டது. மட்டக்குளியில் எத்தனையோ குடும்பங்கள் இன்னும் இந்த ஒயில் கார்களில்தான் சோறு தின்கின்றன.

மச்சான் இன்று காலையும் அந்தத் தாயை ஏற்றிப் போனார். ஒயில் போத்தலில் மட்டம் இரண்டு மாதமாக அப்படியே நிற்கிறது, அல்ஹம்துலில்லாஹ்.

உங்கள் அனுபவத்தையும் கீழே எழுதுங்கள். ஹயர் ஓடும் ஒரு சகோதரருக்காவது இதைப் பகிர்ந்துவிடுங்கள்.