ஒரே கேள்வி, ஒரு லட்சம் முறை

1990களில் வலைத்தளம் நடத்தியவர்கள் தங்கள் பக்கங்களைப் பார்க்க வருபவர்கள் யார் என்று அறிய ஆசைப்பட்டார்கள். விவரம் சர்வரின் லாக் கோப்பில் இருந்தது, வெறும் ஐபி எண்களாக. எண்ணைப் பெயராக்க ஒவ்வொரு முறையும் இணையத்தின் பெயர்த் தேடல் அமைப்பான டிஎன்எஸ்ஸிடம் கேட்க வேண்டும். தொடக்க கால அப்பாச்சி சர்வர் அதைத் தானே செய்தது. பெயர் தெரியும் வரை வந்தவரின் வேலை முடியாது. 1998இல் வெளியான 1.3ஆம் பதிப்பில்தான் இந்த வசதி, வேண்டியவர்கள் மட்டும் இயக்கிக்கொள்ளும்படி மாற்றப்பட்டது.

பெயர் தேடும் வேலை இப்போது நிர்வாகிகளின் ஸ்கிரிப்ட்டுகளிடம் வந்தது. வரியைப் படி, கேள், எழுது, அடுத்த வரிக்குப் போ. எழுதுவது எளிது, ஓடி முடிவதுதான் பெரும்பாடு. ஒரு லட்சம் வரிகள், ஒரு கேள்விக்கு 50 மில்லிவினாடி என்று வைத்துக்கொண்டால், 83 நிமிடம் காத்திருப்பிலேயே போய்விடும். கணினி அந்த நேரமெல்லாம் ஏறக்குறைய சும்மாதான் இருக்கும். வேகமான இயந்திரம் வாங்கினாலும் பயனில்லை.

இந்தத் தாமதத்துக்கு ஒரு முன்கதை உண்டு. இணையத்தின் முன்னோடியான ஆர்பாநெட் காலத்தில் எல்லாப் பெயர்களும் ஹோஸ்ட்ஸ்.டிஎக்ஸ்டி என்ற ஒரே கோப்பில் இருந்தன. கலிஃபோர்னியாவின் மென்லோ பார்க்கில், எலிசபெத் ஃபைன்லரின் தலைமையில் இயங்கிய தகவல் மையம் அதைப் பராமரித்தது. ஒவ்வொரு தளமும் ஒரு நகலை இறக்கி வைத்துக்கொள்ளும், கேள்விக்கு உள்ளூரிலேயே பதில் கிடைத்துவிடும். வலையமைப்பு வளர வளர ஒரே கோப்பு தாங்கவில்லை. 1983இல் பால் மோக்கபெட்ரிஸ் டிஎன்எஸ்ஸை வடிவமைத்தபோது பெயர்கள் பல சர்வர்களுக்குப் பிரிந்தன. கேள்விகள் தொலைதூரம் போகத் தொடங்கின. அதன் விலையை அவர் அறிந்திருந்தார். எத்தனை வினாடி நினைவில் வைத்துக்கொள்ளலாம் என்ற கெடுவை ஒவ்வொரு பதிலோடும் சேர்த்தே அனுப்பும்படி செய்தார். அந்த வடிவமைப்பின் மிக அழகான பகுதி இதுதான்.

அப்படியானால் ஸ்கிரிப்ட் ஏன் தவழ்ந்தது? பதிலை நினைவில் வைத்தது பெயர் சர்வர், ஸ்கிரிப்ட் அல்ல. பதில் பக்கத்திலேயே இருந்தாலும் ஒவ்வொரு முறையும் போய்க் கேட்டுத் திரும்ப வேண்டியிருந்தது. பெயரே இல்லாத முகவரிகள் இன்னும் மோசம். சர்வர் பதிலே தராவிட்டால், யூனிக்ஸ் வழக்கப்படி ஒரு முயற்சிக்கு 5 வினாடி காத்திருக்க வேண்டும், பிறகு மறுபடியும் முயல வேண்டும். ‘இல்லை’ என்ற பதிலையும் முறையாக நினைவில் வைப்பதற்கான விதிகள் 1998இல்தான் திருத்தமாக வகுக்கப்பட்டன.

அப்பாச்சியோடு வந்த லாக்ரிசால்வ் என்ற சிறு நிரல் இதை நேராகத் தீர்த்தது. ஒரு முகவரியை முதல் முறை காணும்போது மட்டும் கேட்கும். பதிலைத் தன் சொந்த அட்டவணையில் குறித்துக்கொள்ளும். மேற்சொன்ன லட்சம் வரிகளில் 4,000 முகவரிகள்தான் திரும்பத் திரும்ப வருகின்றன என்றால், 83 நிமிட வேலை 200 வினாடியில் முடியும்.

உத்தி புதிதல்ல. ஒரு சார்பு தன் பழைய விடைகளை நினைவில் வைத்துக்கொண்டு வேகம் பெறலாம் என்று டொனால்ட் மிச்சி 1968லேயே ‘நேச்சர்’ இதழில் எழுதியிருந்தார். 1977இல் உருவான ஆக் மொழியில் பெயரைச் சாவியாகக் கொண்ட அட்டவணைகள் இருந்தன; இரண்டு வரியில் இதே வேலையைச் செய்யலாம். கோப்புகளைப் பட்டியலிடும் க்னூவின் எல்எஸ் கட்டளையும் கோப்பு உரிமையாளரின் எண்ணுக்குரிய பெயரை ஒரு முறைதான் தேடும்.

நினைவில் வைத்த பதில் பழையதாகிப் போகலாம் என்பது உண்மை. முடிந்துபோன நாளின் லாக் கோப்பை அலசும்போது அது பெரும்பாலும் பாதிக்காது. இந்த நிமிடம் யாருக்கு அனுமதி உண்டு என்று தீர்மானிக்கும் ஸ்கிரிப்ட்டில் பாதிக்கும்.

இன்று கேள்வி தரவுத்தளத்துக்கோ பயனர் பட்டியலுக்கோ போகிறது. தாமதத்தின் காரணம் மாறவில்லை. ஸ்கிரிப்ட் மெதுவாக ஓடுகிறதா? புது சர்வர் கேட்பதற்கு முன், சுழலுக்குள் எத்தனை முறை ஒரே கேள்வி போகிறது என்று எண்ணிப் பாருங்கள்.